பூண்டு வாடை

பிள்ளை பெற்றவளுக்கென்று வாங்கி வைத்திருந்த பூண்டு வெள்ளிக்கிழமையே தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் அறைக்குள் பூண்டு வாடை போகவில்லை. முனவ்வர் பேகம் முதலில் அது தன் உடம்பின் வாடை என்றுதான் நினைத்தாள். பிறகு தலையணையை முகர்ந்தாள். கட்டில் சட்டத்தை முகர்ந்தாள். சுவரில் மூக்கை வைத்தபோது, சுண்ணாம்புக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோ ஒவ்வொரு பல்லாக உரித்து நசுக்குவதுபோல் அது வந்தது.

அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் அடுப்பு. அடுத்த தெருவில் எலி செத்து விழுந்ததிலிருந்து, குப்பையை யாரும் வெளியே கொட்டக் கூடாது, பிளேக் வரும், அவரவர் வீட்டிலேயே எரித்துவிட வேண்டும் என்று ஊரில் தண்டோரா போட்டிருந்தார்கள். மாமியார் ஜஹீருன்னிசா அதிலும் ஒரு நன்மையைக் கண்டாள். பிள்ளை பெற்ற அறையின் வெளிச்சுவரை ஒட்டி அடுப்பு வைத்தாள். வீட்டுக் குப்பை சுலபத்தில் பற்றாது என்பதால், மகன் மக்பூல் தோல் கிடங்கிலிருந்து கொண்டுவரும் கிழிந்த கோணிகளைக் கிழித்துக் கிழித்துப் போட்டாள். சுவர் சூடேறியது. கங்குகளைச் சட்டியில் அள்ளிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினால் அறையும் கதகதப்பாக இருந்தது. நாற்பதாம் நாள் குளியல்வரை ஜன்னலைத் திறக்கும் வழக்கமில்லை.

முனவ்வரும் மறுக்கவில்லை. முதல் பிள்ளை ஒரு மார்கழியில் குளிர் கண்டு, நெஞ்சு இழுத்து, அவள் மடியிலேயே அடங்கிப்போனது. இந்த முறை இன்னும் கொஞ்சம் கங்கு போடுங்கள் மாமி என்று கேட்டவளே அவள்தான்.

துணி துவைக்க வரும் அமிர்தவள்ளி வாசற்படியில் நின்று அறையை எட்டிப் பார்த்தாள்.

"இந்த ரூம்ல ஒரு ஈ கூட இல்லயே பீபிம்மா. எங்க வூட்டுக்கு வந்து பாரு, சோறு எது ஈ எதுன்னு தேடித்தான் துன்னணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தவள், கதவு மூலையில் மல்லாந்து கிடந்த பல்லியைக் கண்டாள். வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்தாள். மூலையில் இன்னும் இரண்டு கிடந்தன. அவற்றை அவள் தொடவில்லை. மறுநாளிலிருந்து வாசற்படிவரைகூட வரவில்லை. முற்றத்திலேயே நின்று அழுக்குத் துணியைப் போடச் சொன்னாள்.

சுவரில் மாட்டிய கண்ணாடி காலையில் வெளுத்திருந்தது. முனவ்வர் துடைத்தாள். மறுநாள் காலையிலும் வெளுத்திருந்தது. சுண்ணாம்பு உதிர்கிறது என்றாள் மாமியார். விரலால் வழித்தபோது கோடு விழுந்தது, விரல் நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது, ஆனால் விரலுக்குப் பொடி தெரியவில்லை. கண்ணாடியின் குளிர்ச்சியும் தெரியவில்லை. கால்கள் அதற்கு முன்பே அப்படித்தான் ஆகியிருந்தன. போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்கள் வேறு யாருடையவோபோல் இருந்தன. பிள்ளை பெற்ற உடம்பு மரத்துத்தான் போகும் என்று மாமியார் எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்ப்பதை முனவ்வர் கண்ணால்தான் அறிந்தாள்.

கணவன் மக்பூல் மெட்ராசுக்குச் சரக்கோடு புறப்படும் நாளில், திரைக்கு வெளியே நின்று விடைபெற வந்தான்.

"அந்தக் கோணியில இன்னா இருந்துச்சுங்க?" என்று கேட்டாள் முனவ்வர்.

"தோலுதான். பூச்சி அரிக்காம இருக்க வெள்ளைப் பாஷாணம் தூவி அனுப்புவாங்க. ஏன்?"

"அதத்தான் மாமி எரிக்கிறாங்க."

அவன் மெல்லச் சிரித்தான். "அது வயித்துக்குள்ள போனாத்தான் பேஜாரு. கிடங்குல கை கழுவாம ஒருத்தனும் சோறு தொட மாட்டான். நெருப்புல போட்டப்புறம் இன்னா இருக்கும்? கொஞ்சம் பூண்டு வாடை அடிக்கும், அப்புறம் வெறும் சாம்பல்தான்."

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. பிளேக்கில் செத்தவர்களின் பாயையும் துணியையும் நெருப்புதானே சுத்தம் செய்கிறது. இருந்தாலும் அன்று மாலை, கோணி வேண்டாம் மாமி, வாடை தாங்கவில்லை என்று சொல்லிப் பார்த்தாள். ஜஹீருன்னிசா கோபப்படவில்லை. குழந்தையின் கண்ணுக்குக் காலையில் தீட்டிய சுர்மா கலையாமல் அதன் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்துவிட்டு, எழுந்து நின்று கேட்டாள்.

"போன புள்ளைய எடுத்துக்கிட்டுப் போனது சூடா, குளிரா?"

மாமியார் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

பாலாற்றுப் பக்கமிருந்து பனி இறங்க ஆரம்பித்திருந்தது. சுவருக்கு அப்பால் கோணி கிழிந்தது. நெருப்பு சீறிப் பிடித்தது. ஓட்டு இடுக்கு வழியாகப் புகை உள்ளே வழிந்து, மேலே போகாமல், உத்தரத்துக்குக் கீழே தட்டையாகப் படுத்துக்கொண்டது. வாடை வந்தது. சுவரிலிருந்து. கட்டிலுக்குக் கீழிருந்து. பிள்ளையின் தலைமயிரிலிருந்து. அவள் குனிந்து அதன் வாயருகே மூக்கை வைத்தாள்.

அங்கேயும் பூண்டு.

ஜன்னலைத் திறக்க எழுந்தாள். கால் தரையில் பட்டதா என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனாள். தாழ்ப்பாள் மேல் தன் விரல்கள் இருப்பதைக் கண்ணால் பார்த்தாள். இழுத்தாள். விரல்கள் வழுக்கி வந்தன. மறுபடி வைத்தாள். வழுக்கின. பல்லால் கடித்து இழுத்தாள். அசையவில்லை. மாமியைக் கூப்பிட்டாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

திரும்பிக் கட்டிலில் விழுந்தாள். பிள்ளையை அள்ளி மார்போடு சேர்த்தாள். பால் கொடுக்க வேண்டும். வாயை வைத்தாள். குடிக்கிறதா? மார்பு மரத்திருந்தது. தெரியவில்லை. சூடாக இருக்கிறதா? கன்னத்தைத் தொட்டாள். கை மரத்திருந்தது. தெரியவில்லை. உதட்டை அதன் நெற்றியில் வைத்தாள். உதடும்.

சுவருக்கு அப்பாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. அன்பான குரல்.

"சூடு போதுமாம்மா?"

இன்னொரு கோணி கிழிந்தது.

அவள் பிள்ளையின் முகத்தைச் சிம்னி விளக்குப் பக்கம் திருப்பினாள். கண்கள் திறந்திருந்தன. சுர்மாவின் கருப்பின் மேல் வெள்ளைப் பொடி இறங்கிக்கொண்டிருந்தது. இமையில். இமை மயிரில். பிறகு விழியின் ஈரத்தில், மெல்ல, ஒவ்வொன்றாக.

பிள்ளை இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.