இன்னும் கிட்டப் போயிருக்கலாம்

ஆவடி குவார்ட்டர்ஸில் சுலைமான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மழை பிடித்துக்கொண்டது. எண்பத்தொன்பதாம் வருஷம், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை நான்கு மணி. பரந்தாமன் ஏரியில் மூழ்கிச் செத்த பிறகு நாங்கள் கூடிய முதல் கூட்டம் அது.

ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஏழு பேர் நாங்கள், இப்போது ஆறு. ஏரி, வயல், வானம் என்று படம் எடுத்து, சுலைமான் வீட்டுக் குளியலறையிலேயே கழுவிப் பிரிண்ட் போடுவோம். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எடுத்தது என்று சொல்லாமலே படங்களைக் கைமாற்றிப் பார்ப்போம். குறையைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுவோம். எழுதியது யார் என்று கேட்கக் கூடாது. கடைசியில்தான் படம் எடுத்தவன் கை தூக்குவான்.

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். பென்சில் கிடைத்தால் இன்னும் அதிகம். போன மாதம் பரந்தாமனின் ஏரிப் படத்துக்குப் பின்னால் எழுதினேன்: ‘பயந்தாங்கொள்ளி எடுத்த படம். தண்ணிக்கு இன்னும் கிட்டப் போயிருக்கலாம்.’

அவன் படித்துவிட்டுச் சிரித்தான். “எவன் எழுதினானோ, கரீட்டாத்தான் எழுதிகீறான்” என்றான்.

மறுநாள் விடியற்காலை ஏரிக்குள் இறங்கிவிட்டான் பாவி. கழுத்தில் கேமராவோடுதான் தூக்கினார்கள். அவன் பெண்டாட்டி வடிவு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீச்சல் தெரியாத மனுசன் இன்னாத்துக்குண்ணா எறங்கினாரு?” என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து தினமும் விடிகாலையில் அந்தக் கரையில் போய் நின்று அழுவேன். யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆறு பேர், ஆறு படம்.

என் கைக்கு ஏழாவதாக ஒன்று வந்தது.

ஈரமாக இருந்தது. சேற்று வாடை அடித்தது. நட்ட நடு ஏரியில், தண்ணீர் மட்டத்திலிருந்து எடுத்த படம். தூரத்தில் கரை. கரையில் ஒரு சைக்கிள், பக்கத்தில் ஒருவன்.

கட்டம் போட்ட சட்டை.

நான்தான்.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“யார்து மாமே இது?” சுலைமான் மெதுவாகக் கேட்டான்.

யாரும் கை தூக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. “அவன் படத்துல எழுதினது நான்தான் சுலைமான். நான்தான் அவனை அனுப்பிட்டேன்” என்று தேம்பினேன்.

“அழுவாத மச்சான். முதல்ல போய் வடிவுகிட்ட சொல்லு.” படத்தை என்னிடமிருந்து வாங்கித் திருப்பினான். என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

பின்பக்கத்தில், பரந்தாமனின் கோணல் எழுத்து.

‘படம் நல்லா கீது. கரையில கீறவன் இன்னும் கிட்ட வரலாம்.’

அன்றைக்கே வடிவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்புறம் அந்த ஏரிப் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கவில்லை. சட்டையையும் கொளுத்திவிட்டேன்.

படம் மட்டும் என் பீரோவில் இருக்கிறது. எறிய மனசு வரவில்லை; அவன் எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம். நேற்று எடுத்துப் பார்த்தேன். சைக்கிள் கரையிலேயே நிற்கிறது.

கட்டம் போட்ட சட்டைக்காரன் முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கிறான்.