பிரித்த புத்தகங்கள்

“அண்ணி, இது யார் பண்ணின வேலை?”

நாத்தனார் காலைக் காப்பியைக்கூடத் தொடாமல் புத்தக அலமாரி முன்னால் நின்றிருந்தாள். கையில் வெறும் அட்டை, உள்ளே தாள்களைக் காணோம். பத்திரிகையில் வாராவாரம் வந்த துப்பறியும் தொடர்கதைகளைச் சேர்த்து, அவளுடைய அப்பா தம் கையாலேயே தைத்து பைண்டு செய்த புத்தகம் அது. அவர் போன பிறகு, பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவள் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்த அலமாரியைத்தான்.

“நான்தான் பிரிச்சேன்,” என்றாள் மருமகள்.

“எதுக்கு?”

எப்படிச் சொல்வாள்? ஆறு மாதமாக மாமியாருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. கண்ணாடி மாற்றியும் பயனில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். “பெத்ததுங்களுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மூலையில உட்கார வெச்சுடுவாங்க,” என்று சத்தியம் வாங்கியிருந்தாள் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சரான மாமியார். வாசித்துக் காட்டுகிறேன் என்றாலும் ஒப்பவில்லை. “கொலைக் கதைய நானே படிக்கணும். உன் குரலே கொலைகாரனைக் காட்டிக் குடுத்துடும்.”

அதனால் மருமகள் தான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில், சாப்பாட்டு நேரத்தில், பக்கம் பக்கமாகப் பெரிதாக்கிக் கொண்டுவந்தாள். இறுக்கித் தைத்த புத்தகம் மெஷினில் படியவில்லை. பாதி வரி மடிப்புக்குள் போய்விட்டது. வேறு வழியில்லாமல் பிளேடால் தையலை அறுத்தாள்.

“அப்பா தைச்சதை அறுக்க உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு அண்ணி... பழைய பேப்பர் கடைல போட்டுட்டீங்களா? அலமாரிச் சாவியக் குடுங்க, இனிமே அது என்கிட்டயே இருக்கட்டும்.”

மருமகளின் கணவனோ ஷூ லேஸை மூன்றாம் முறையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் சாவி போனால் அத்தையின் படிப்பும் போகும்.

“என்னை என்ன வேணா சொல்லுங்க. சாவிய மட்டும் தர மாட்டேன்.”

“செய்யறதையும் செஞ்சுட்டு, இந்த வீம்பு வேறயா...”

அதற்குள் சுவரைத் தடவிக்கொண்டே மாமியார் உள்ளறையிலிருந்து வந்தாள். அந்தத் தடவலை மகள் இன்றுதான் பார்த்தாள்.

“அவள ஏன்டி திட்டறே? எனக்குத்தான் கண்ணு தெரியல.”

மகன் லேஸை விட்டுவிட்டு எழுந்தான்.

“சொல்லக் கூடாதுன்னு நான்தான் வாயக் கட்டினேன். என் வீம்புக்கு அவ பேச்சு வாங்கறா...” கக்கத்திலிருந்த தாள்களை நீட்டினாள். ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு இருந்தது. “உங்கப்பா எதுக்குடி தைச்சாரு? அலமாரிக்கு அழகாவா? நான் படிக்கத்தானே.”

நாத்தனார் உடைந்துபோய் அண்ணியின் தோளில் சாய்ந்தாள். “தெரியாம பேசிட்டேன் அண்ணி... மன்னிச்சுடுங்க.”

மருமகள் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். “பழைய தாளையெல்லாம் வரிசை கலையாம கட்டி வெச்சிருக்கேன். ஒண்ணும் போகல. ஆனா இன்னும் பதினோரு புத்தகம் இருக்கு. எனக்கு மதியம் அரைமணி நேரம்தான் கிடைக்குது.”

நாத்தனார் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த புத்தகத்தை எடுத்தாள். அட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அண்ணியிடம் பிளேடை வாங்கி, அப்பா போட்ட முடிச்சைத் தன் கையாலேயே அறுத்தாள்.