இராவணன் வெட்டில் ஒரு சைக்கிள்

"ஐயோ...! என் புருஷன்!"

அலறல் இராவணன் வெட்டுப் பாறையில் மோதி, திருகோணமலைக் கடலில் விழுந்தது.

கடலில் ஏற்கெனவே ஒருவர் விழுந்திருந்தார்!

சம்பத். மெட்ராஸ்காரர். மனைவி வத்சலாவோடு தலைமன்னார்க் கப்பலில் இலங்கை பார்க்க வந்தவர். காலையில் வாடகைச் சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்பியவர்... இப்போது கீழே, மீனவர்கள் தூக்கிப் போட்ட வள்ளத்தில், பிணமாக!

பேணாட் ஓடி வந்து எட்டிப் பார்த்தான். இருவருக்கும் ஊர் சுற்றிக்காட்டிய வழிகாட்டி அவன்தான். கோயிலடியில் இளநீர் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் இந்தக் கூத்து! சனியன் சைக்கிள் ஏறி வரும் என்று யார் கண்டது?

சார்ஜன்ட் ஸஹாப்தீன் வந்தார். தொப்பை முதலில், அவர் பிறகு.

"என்னம்மா நடந்தது?"

வத்சலாவின் விரல் பேணாட்டை நோக்கி நீண்டது.

"இவன்தான்...! அவர் சைக்கிளை விட்டு இறங்கினதும் இறங்காததுமா... பிடிச்சுத் தள்ளிட்டான்!"

"பச்சைப் பொய், சேர்! நான் ஏன் தள்ளப்போறன்?"

"காலைலேர்ந்து சண்டை, சார்! இவன் எதைச் சொன்னாலும் அவர் தப்பும்பார்..."

அது மட்டும் உண்மை. கோட்டைக்குள் மேய்ந்த மானைக் காட்டினால், அது மானே இல்லை என்றவர் சம்பத்!

ஸஹாப்தீன் விலங்கை மாட்டினார்.

"தூக்குத்தான்டா உனக்கு. நட!"

"சேர்... எனக்கு ரெண்டு பிள்ளையள்!"

"அதை நீதவானிட்டச் சொல்லு. அந்த மனிசன்ட சைக்கிளையும் கொண்டு போகோணும். சாட்சிப் பொருள்!"

தள்ளினார். அசையவில்லை. பூட்டியிருந்தது!

"திறப்பு எங்கை?"

"இந்தாங்க..."

மூக்கை உறிஞ்சியபடி வத்சலா கைப்பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள். ஸஹாப்தீன் பூட்டைத் திறந்தார்.

பேணாட் துள்ளினான்.

"சேர்! நில்லுங்கோ! இறங்கினதும் இறங்காததுமாத் தள்ளினனான் எண்டால், பூட்டினது ஆர்? கடலுக்குள்ள போன மனிசனோ? திறப்பு எப்பிடி இவவின்ர பைக்குள்ள வந்தது?"

ஸஹாப்தீன் மெல்லத் திரும்பினார்.

"சொல்லுங்கம்மா..."

வத்சலாவின் அழுகை சட்டென்று நின்றது. ஆத்திரம் பொங்கியது.

"எல்லாம் உன்னாலதான்டா! 'துறைமுகத்துக் கப்பல்காரன் எடுத்துட்டுப் போயிடுவான், பூட்டு, பூட்டு'ன்னு நின்ன இடமெல்லாம் உயிரை வாங்கினியே! அவரைத் தள்ளிட்டுத் திரும்பினா, சைக்கிள் நிக்குது... கை தானா பூட்டிடுச்சு!"

"அல்லாஹ்! புருஷனை ஏன்மா தள்ளினீங்க?"

"கடல் அழகா இருக்குன்னேன். இல்லைன்னார்! இருபது வருஷமா, சார்... நான் எதைச் சொன்னாலும் இல்லை!"

விலங்கு கை மாறியது.

பேணாட் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். போன உயிர் திரும்பி வந்திருந்தது. கூடவே வாயும்!

"அம்மா... எத்தினை நாட்டுக்காரரைக் கூட்டித் திரிஞ்சிருப்பன்! என்ர சொல்லைக் கேட்டு நடந்தது நீங்கள் ஒராள்தான்!"