நம்ம ஆளுங்க மட்டும்

கதவு இன்றும் ஒருத்தியைத் திருப்பி அனுப்பியது. நர்ஸ். இரண்டு குழந்தைகளோடு வாடகைக்கு வீடு கேட்டு வந்திருந்தாள். மங்களத்துக்கு அவளைப் பிடித்திருந்தது. காப்பி போட எழுந்தாள். அதற்குள் கதவில் பதித்திருந்த தேர்வி என்ற பேசும் கருவி, பொருத்தம் இல்லை, நன்றி என்று சொல்லிவிட்டது. சோபாவில் இருந்த மங்களத்தின் கணவர் சபாபதியின் முகத்தில் திருப்தி.

போரூரில் இப்போது வீட்டுக்காரர்கள் யாரையும் எதுவும் கேட்பதில்லை. என்ன சாதி, என்ன சாப்பாடு என்று கேட்டால் சிறை. வாடகைக்கு ஆள் பொறுக்குவது தேர்வியின் வேலை. வீட்டுக்காரர் தன் விருப்பத்தை ஒரு வரியில் சொல்லலாம். தேர்வி ஒருவரைப் பொறுக்கிய நொடியே ஒப்பந்தம். இரு தரப்பும் மீற முடியாது. சட்டம் வந்தபோது சபாபதி கொதித்தார். பிறகு, எல்லோரையும் போல, சுற்றி வளைத்துப் பேசக் கற்றுக்கொண்டார்.

மங்களத்தின் மூட்டு அறுவைக்காக இருவரும் ஓராண்டு கோவையில் மகள் வீட்டில் இருக்க வேண்டும். சபாபதியின் கவலை மூட்டு அல்ல. தன் சமையலறையில் யார் புழங்குவார்கள் என்பது. தேர்வியிடம் குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம ஆளுங்களா இருந்தா போதும்.”

அது விளக்கம் கேட்டது. உனக்குத் தெரியாததா என்று சிரித்தார்.

நர்ஸுக்குப் பின் ஓர் ஆசிரியத் தம்பதி போனார்கள். ஒரு தபால்காரர் போனார். கடைசியில் தேர்வி இளங்கண்ணன் என்பவரைப் பொறுக்கியது. சபாபதி நாலு பேருக்குப் போன் போட்டு அவருடைய சொந்த ஊரை விசாரித்தார், தெருவை விசாரித்தார். பிறகு கதவின் முன் போய் நின்றார்.

“இவன் எப்படி நம்ம ஆளு?”

“எங்க ஆளுங்கன்னு சொல்லியிருந்தா மறுத்திருப்பேன் சார். அதுல நான் இல்ல. நீங்க நம்மன்னு சொன்னீங்க. அதுல நானும் உண்டு.”

தனக்குச் சாதி இல்லை, அதனால் அது பொதுவாக இருக்க முடியாது என்று விளக்கியது. உங்களுக்கும் எனக்கும் பொதுவாக இருப்பது ஒரே காரியம், வாசலில் நின்று ஆளை வடிகட்டுவது. இளங்கண்ணனும் தன் வீட்டை வாடகைக்கு விட்டபோது அதையேதான் செய்தார். தேடியதில் இவ்வளவு நெருக்கமான பொருத்தம் வேறு கிடைக்கவில்லை.

மங்களம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஞாயிறு காலை இளங்கண்ணன் வந்தார். உள்ளே வராமல் எட்டிப் பார்த்தார். சுவரில் இருந்த சாமி படங்களைப் பார்த்தார். சபாபதியின் நெற்றியைப் பார்த்தார். பார்த்தவரின் மூக்கு லேசாகச் சுருங்கியது. சபாபதிக்கு அந்தப் பார்வை தெரியும். எத்தனையோ பேர்மேல் போட்டிருக்கிறார். தன்மேல் விழுந்தது இதுதான் முதல் தடவை.

“தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் இளங்கண்ணன், மிகுந்த மரியாதையோடு. “அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாத்தையும் கழுவி விட்டாத்தான் நாங்க குடி வருவோம்.”

சபாபதி சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“தாராளமா,” என்றாள் மங்களம், பையைத் தோளில் மாட்டியபடி. “இவர் உட்கார்ந்த சோபாவையும் சேர்த்துக் கழுவுங்க.”