ஸ்டூலுக்கு இடப்பக்கம்

உலகத்தில் ஒருவர் இருக்கிறார் என்பதற்கு அவருடைய முகம் மட்டும் போதாது, அந்த முகத்தின் படம் வேண்டும். அந்தப் படத்தைத் தருகிற கேமராவே உண்மையின் கடைசிக் காவல். அடையாள அட்டை அலுவலகத்தின் படப்பிரிவு அதிகாரி இதை யாரிடமாவது சொல்லாத நாளில்லை. அதிகாரி என்பது மேசைப் பலகையில் அவரே எழுதி வைத்துக்கொண்டது. சம்பளப் பட்டியலில் இளநிலை உதவியாளர். உண்மையின் கடைசிக் காவலோ, சனி ஞாயிறு இரண்டு நாளும் திறந்து கிடந்த ஜன்னலோரம் ஸ்டாண்டோடு நின்று மழையில் ஊறியிருந்தது. ஜன்னலைச் சாத்த மறந்தவரும் அவர்தான்.

திங்கள் காலை முதல் வேலையாக, ஊதிப்போயிருந்த ஜன்னலை உடம்பின் முழு பலத்தையும் கொடுத்துச் சாத்தி, விளிம்பெல்லாம் அகல டேப்பை ஒட்டினார். கண்ணாடிக்கு வெளியே, ஒரு மாடி கீழே தெரு, எதிரே பஸ் ஸ்டாப், அதைத் தாண்டி ஆற்றுக்கு இறங்கும் படிகள். மேல்படிகள் நான்கைந்து மட்டும் தெரிந்தன. மற்றவற்றை ஆறு எடுத்துக்கொண்டிருந்தது.

முதலில் வந்த தையல்காரரின் படத்திலேயே கோளாறு தெரிந்துவிட்டது. இடது ஓரத்தில், கண்ணாடியில் யாரோ வாய் வைத்து ஊதியதுபோல ஒரு மங்கல்.

"சிஸ்டம் அப்டேட் ஆகுது. எல்லாரும் வெளிய உட்காருங்க" என்றார். காரிடார் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்தார்கள்.

பேட்டரியைக் கழற்றித் துடைத்தார். மெமரி கார்டைத் துடைத்தார். ஈரம் உறிஞ்சும் சின்னச் சின்னப் பொட்டலங்களோடு கேமராவை டப்பாவில் வைத்து ஒரு மணி நேரம் மூடினார். திறந்தபோது அறையில் ஒரு வாடை இருந்தது: பூ ஜாடியில் பல நாள் மறந்துபோன தண்ணீரின் வாடை. பக்கத்து அறை கம்ப்யூட்டர் அம்மாவிடம் ஹேர் ட்ரையர் வாங்கிவந்து போட்டார். அந்த அம்மா பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், கேமராவுக்குத் தலை துவட்டறீங்களா? பவுடரும் இருக்கு, தரட்டுமா?"

"இது டெக்னிக்கல் மேட்டர்ம்மா. எலக்ட்ரானிக்ஸுக்கு ஈரம்தான் முதல் எதிரி."

அவள் பார்வை டேப் ஒட்டிய ஜன்னலுக்குப் போய் வந்தது. "அந்த எதிரி ஜன்னல் வழியாத்தான் உள்ள வந்தாரா?"

"உங்க வேலையப் பாருங்க."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். கதவு சாத்தியதும் அறை முன்னைவிட அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். கூரை காய்ந்திருந்தது.

வெள்ளைத் துணிக்கு முன்னால் காலி ஸ்டூலைப் போட்டு ஒரு படம் எடுத்தார். மங்கல் குறையவில்லை, ஒடுங்கி, உயர்ந்திருந்தது. பீரோவிலிருந்து வேறு லென்ஸை எடுத்து மாட்டினார். அதே மங்கல், அதே இடம். மேல்பக்கம் சற்றுக் குறுகி, அதற்குக் கீழே அகன்று, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கியது. தோள் என்ற வார்த்தையை நினைக்காமலிருக்க அவர் மிகவும் சிரமப்பட்டார்.

கடைசியாக ஒரு சோதனை பாக்கி இருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவரே விரல் நீட்டிப் பாடம் எடுத்த சோதனை. ஈரம் கேமராவுக்குள் இருந்தால், கேமராவைச் சாய்க்கும்போது மங்கலும் கூடவே திரும்பும். இடது ஓரத்தில் இருந்தது மேலேயோ கீழேயோ போய்விடும். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி எடுத்தார்.

மங்கல் மேலே போகவில்லை. கீழே போகவில்லை. ஸ்டூலுக்கு இடப்பக்கமே நேராக நின்றது.

மெல்லத் தலையைத் திருப்பி ஸ்டூலைப் பார்த்தார். யாரும் இல்லை. வெள்ளைத் துணி. ஸ்டூலுக்கு இடப்பக்கம் தரையில் மட்டும், அடுத்தடுத்து, இரண்டு ஈரத் திட்டுகள்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். ஒரு கையில் அவளுடைய குடை, மறு கையில் அவருடையது.

"இன்னிக்கும் குடைய மறந்துட்டீங்க. எனக்கு ரெண்டு மணி ஷிஃப்ட்டுப்பா, பஸ் வந்துடும்."

ஒரு முகம் இருந்தால் ஃபோகஸ் சரியாக விழும், கோளாறு இன்னதென்று பிடிபடும் என்று அவருக்குத் தோன்றியது. அவரே உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஆனால் படப்பிரிவு அதிகாரி ஸ்டூலில் உட்காருவது அவ்வளவு நன்றாக இராது என்று ஒரு காரணம் கிடைத்தது. கிடைத்த காரணத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிமிஷம் அதுல உட்காரும்மா."

"கார்டு எடுத்து ஆறு மாசம்தானே ஆகுது?"

"சும்மா, டெஸ்டிங்."

"ஓ, நான்தான் எலியா?" உட்கார்ந்தாள். "சிரிக்கலாமா சார்?"

"சிரிக்கக் கூடாது. ரூல்."

எடுத்தார்.

மங்கல் இல்லை. காலையிலிருந்து முதல் முறையாகப் படம் துல்லியமாக இருந்தது. மகளின் நெற்றியில் தனியாகப் பிரிந்து நின்ற ஒரு முடிகூடத் தெரிந்தது. அடக்கிய சிரிப்பு தெரிந்தது. மங்கல் நின்ற பக்கத்துத் தோளில் நான்கு விரல்கள் தெரிந்தன. வெளுத்து, தண்ணீரில் வெகுநேரம் கிடந்ததுபோலத் தோல் சுருங்கிய விரல்கள்.

படத்தைப் பெரிதாக்கினார். விரல்கள் பெரிதாயின. அழித்தார். அழியவில்லை. மறுபடி அழித்தார்.

முதுகுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது. "போனை உங்க மேசையிலயே வெச்சுட்டுப் போறேன்பா. நனைஞ்சா, ஈரம்தான் முதல் எதிரின்னு ஆரம்பிச்சிடுவீங்க."

"ம்."

"அப்புறம், இவங்ககிட்ட குடை இல்லையாம். பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"ம்."

கதவு சாத்திக்கொண்டது.

எவங்க?

திரும்பினார். ஸ்டூல் காலி. தரையில் மகளின் செருப்புத் தடம் கதவு வரை போயிருந்தது. அதை ஒட்டியே இன்னொரு தடம். செருப்பில்லாத கால். ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் தேங்கி நின்றது.

கை தானாகவே கேமராவைத் தூக்கி ஸ்டூலை எடுத்தது. சுத்தமான படம். கோளாறு நீங்கிவிட்டது.

போன். அவளுடைய போன் மேசைமேல்.

ஜன்னல். டேப்பை நகத்தால் கிழித்தார். ஊதிய மரம் அசையவில்லை. கண்ணாடியில் அறைந்தார். கீழே யாரும் நிமிரவில்லை. மழை.

தெருவில் அவளுடைய குடை போனது. அதை அவள் தனக்கு நேராகப் பிடிக்கவில்லை. பக்கத்தில் வருகிற ஒருவருக்காகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். அவளுடைய பாதி உடம்பு நனைந்துகொண்டே போனது. நடுநடுவே தலையைத் திருப்பினாள். பேச்சுக்குப் பதில் சொல்வதுபோல ஆட்டினாள். ஒரு முறை சிரித்தாள்.

பஸ் ஸ்டாப் வந்தது. அவள் நிற்கவில்லை.

அவளுடைய பஸ் வந்தது. நின்றது. போயிற்று.

பஸ் விலகிய இடத்தில் குடை ஆற்றுப் படிகளின் உச்சியில் இருந்தது. முதல் படி. இரண்டாவது படி. கடைசியில் தண்ணீர். அவள் இடுப்பு மறைந்தது. தோள் மறைந்தது. சாய்ந்த குடை மட்டும், பக்கத்தில் வருகிறவர் மேல் ஒரு சொட்டு விழாதபடி அவ்வளவு பத்திரமாக, கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. மாடிப்படி பதினெட்டுதான். ஓட வேண்டும் என்றுகூட இல்லை; கதவைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், பெஞ்சில் காத்திருந்த ஆறு பேரில் ஒருவராவது ஓடியிருப்பார்.

ஆனால் அந்த ஆறு பேரும் பார்த்துவிடுவார்கள்: பயத்தில் அவருடைய பேன்ட் நனைந்திருந்தது.