கடைசிப் பெட்டியின் மணி

அடுத்தவர் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, வீட்டுக்காரர்கள் தோளுக்கு மேல் எட்டிப்பார்க்க, திருகாணி கழற்றுவது எனக்கு ஆகவே ஆகாது. எந்தப் பொம்மை ரயிலானாலும் என் பட்டறைக்கு வந்தாக வேண்டும். ஆனால் அந்த அக்கா போனில் ஒரே பிடியாக நின்றார்.

"ரயில் இந்த வாசப்படியத் தாண்டாதும்மா. நீங்கதான் வரணும்."

பழைய சாவி ரயில்களைச் சரிசெய்ய இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆளில்லை என்கிற திமிரில், முடியாது என்றுதான் சொன்னேன். பிறகு வாய் சும்மா இல்லாமல் என்ன ரகம் என்று கேட்டுவிட்டேன். சுருள்வில் கடைசிப் பெட்டிக்குள் இருக்கிறது, பின்னாலிருந்து தள்ளுகிறது, முறுக்கு மொத்தமும் தீர்ந்ததும் அந்தப் பெட்டியிலேயே ஒரு மணி அடிக்கும் என்றார். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர கையில் தொட்டதில்லை. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பழைய மாடி வீடு. காலி செய்துகொண்டிருந்தார்கள். கூடமெங்கும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள். கதவைத் திறந்த அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். நேராக நின்று நேராகப் பேசுகிறவர். அவருடைய தம்பி, முழுதும் நரைத்த மனிதர், மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொன்னேன். தலையை மட்டும் அசைத்தார், இறங்கி வரவில்லை.

ரயில் இருந்த அறையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, தரையில் வட்டமாகப் போட்ட தண்டவாளம், அவ்வளவுதான். ஜன்னலில் நல்ல வெயில். ஒரு மூலையில் மட்டும் சுவர் மங்கலாக இருந்தது.

"எத்தன தடவ வெள்ளையடிச்சாலும் அந்த எடம் மட்டும் இப்படி ஆயிடுது" என்றார் அக்கா.

பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முன்பெட்டிகளில் பெரிய சேதமில்லை. ஒன்றின் அச்சு வளைந்திருந்தது. இன்னொன்றின் கொக்கி வாய் பிளந்திருந்தது. கடைசிப் பெட்டிதான் விவகாரம். சாவி துவாரத்தில் சாவியை நுழைத்து லேசாகத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. வில் இன்னும் முறுக்கோடு நின்றிருந்தது.

"யாரு கடைசியா முறுக்கினது?"

"அதெல்லாம் ரொம்ப வருஷம் ஆச்சு. ஆனா அந்த முறுக்க மட்டும் எறக்கிடாதீங்க. அது அப்படியே ஓடி, மணி அடிக்கணும். அதுக்குத்தான் உங்களக் கூப்ட்டேன்."

இது வம்பு. எங்கள் தொழிலில் முதல் வேலையே முறுக்கை இறக்குவதுதான். சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப விட்டு, வில்லை உறங்க வைத்த பிறகே பெட்டியைத் திறப்போம். முறுக்கோடு திறந்து விரல் நுனியை இழந்தவர்களை எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். அக்கா என்னையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் என் திமிர் செல்லவில்லை. பல்சக்கரத்துக்குக் கம்பியால் முட்டுக் கொடுத்து, மூடியை மடித்துப் பிடித்திருந்த தகரக் காதுகளை மெல்ல நிமிர்த்திப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே கரி. மெல்லிய, எண்ணெய்ப் பசையுள்ள புகைக்கரி. பழைய கிரீஸோடு சேர்ந்து இறுகிக் கல்லாகியிருந்தது.

மண்ணெண்ணெயில் தூரிகையைத் தோய்த்துச் சுரண்ட ஆரம்பித்தேன். அக்கா காபி போடப் போனார். அப்போதுதான் எனக்கு முதுகு கூசத் தொடங்கியது. மூலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். சரிப்படவில்லை. இந்தப் பக்கம் போட்டேன். அதுவும் சரிப்படவில்லை. கை ஒரு வேலை செய்ய, காது வேறு வேலை செய்தது.

மூலையில் யாரோ கால் மாற்றி நிற்கிற சத்தம்.

வெகுநேரம் நின்று கால் கடுத்த பிள்ளைகள் செய்வார்களே, அப்படி. இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு. வெறுங்கால்.

தூரிகையை நிறுத்தினேன். அதுவும் நின்றது. பல்சக்கரத்தை நகத்தால் ஒரு பல் தள்ளிப் பார்த்தேன். 'டிக்' என்றது. மூலையில் ஒரு மூச்சு சட்டென்று உள்ளே இழுபட்டது.

எலி, என்று சொல்லிக்கொண்டேன். எலி மூச்சிழுக்குமா என்ன!

அக்கா காபியோடு வந்ததும் கேட்டேவிட்டேன். "அந்த மூலையில என்னங்க?"

அவர் டம்ளரை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "எனக்கும் இவனுக்கும் நடுவுல ஒரு தம்பி இருந்தான். நியாயம்னு கூப்டுவோம். விளையாட்டுல கூட ஒரு பொய் வராது அவனுக்கு. நாங்க இந்த ரயில வெச்சுத்தான் கண்ணாமூச்சி ஆடுவோம். முறுக்கி விட்டுட்டு, ஒருத்தர் அந்த மூலையில சுவரப் பாத்துக் கண்ண மூடணும். மணி அடிச்சாத்தான் திறக்கணும். முதல்ல அகப்படுறவங்க அடுத்த ஆட்டத்துல கண்ண மூடணும். அன்னிக்கு அவன் முறை. ரயில் பாதியில சிக்கிக்கிச்சு. மணி அடிக்கல. அந்த நேரத்துல சமையலறையில தீப்பிடிச்சு வீடு பூராப் புகை."

மேலே படியில் தம்பி எழுந்து நிற்பது கேட்டது.

"கத்தினேன். ஓடி வாடா, ஆட்டம் முடிஞ்சுதுன்னு கத்தினேன். 'ஏமாத்தாதக்கா, மணி இன்னும் அடிக்கல'ன்னான்." அவர் குரல் அங்கே உடைந்தது. "நாளைக்கு இந்த வீட்டுச் சாவியக் குடுத்துடுவோம். அவன் மட்டும் இங்க நின்னுக்கிட்டே இருக்கணுமா? மணி அடிக்கட்டும். அவன் கண்ணத் திறக்கட்டும். நான் ஒளிய மாட்டேன், எதிர்லயே நிப்பேன். என்னப் பாத்துட்டா போதும் அவனுக்கு."

"வேணாம்க்கா." தம்பியின் குரல் கிசுகிசுப்பாக இறங்கி வந்தது. "அவன் தேட ஆரம்பிச்சிட்டா?"

நான் கிளம்பியிருக்கலாம். முட்டுக் கம்பியை அப்படியே விட்டு, தகரத்தை மூடி, சரியாகாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் ஒன்று அப்படி நிற்பதை நினைத்ததும் என் கண் நிறைந்துவிட்டது. அச்சை நிமிர்த்தினேன். கொக்கிகளை மாட்டினேன். பெட்டிகளைத் தண்டவாளத்தில் வைத்தேன். கம்பியை உருவினேன்.

ரயில் ஓடியது.

கரகரத்து, தடுமாறி, பிறகு சீராக. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மூலையில் கால் மாற்றுகிற சத்தம் வேகமானது. ரயிலின் வேகம் குறைந்தது. பெட்டிகள் ஊர்ந்தன. நின்றன.

'டிங்.'

மாடியில் தடதடவென்று ஓடுகிற சத்தம். நரைத்த தலையோடு அந்த மனிதர் ஒளிய ஓடுகிறார்! சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த நொடி நான் மேஜைக்கு அடியில் இருந்தேன். என் முழங்காலுக்கு அது எப்படி முடிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

புகை வாடை.

வெறுங்கால்கள் தரையில் பட்டன. மெதுவாக, எதிலும் இடிக்காமல்.

அக்காவின் பாதங்களுக்கு முன்னால் அவை நின்றன.

"வாடா கண்ணா. நான்தான். அக்கா."

அவர் புடவை ஓரம் லேசாக விலகியது. கால்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒளியாதவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. அவன் நியாயம் அப்படி.

மேஜையருகே வந்து நின்றன.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். என் முதுகில், இரண்டு தோள்களுக்கும் நடுவில், ஒரு சின்ன உள்ளங்கை பட்டது. அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கிய துணிபோல் சுட்டது.

"அகப்பட்டாச்சு."

காதுக்குள் சொன்ன மாதிரி. சந்தோஷம் தாங்காத குரல்.

கருவிப்பெட்டியைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினேன்.

மறுநாள் காலையில் அக்கா போன் செய்தார். அழுதுகொண்டே சிரித்தார். "போயிட்டாம்மா. வீடு காலியா இருக்கு. ராத்திரி அந்த மூலையிலயே பாய் போட்டுப் படுத்தேன், ஒரு சத்தமில்ல. நான் யாருக்கும் ஒரு வளையல் கூடப் போட்டதில்ல, உங்க கைக்குப் போடணும் போல இருக்கு." நல்லது அக்கா என்றேன். அவருக்காக உண்மையிலேயே மனம் குளிர்ந்தது. வேறெதுவும் சொல்லவில்லை. விதி அவருக்கு நினைவில்லை போலிருக்கிறது, எனக்கு இருந்தது.

அகப்பட்டவர்தான் அடுத்து கண்ணை மூட வேண்டும். மற்றவர்கள் ஒளிய வேண்டும்.

இரண்டு நாள் நான் கண்ணை மூடாமலே இருந்தேன். நேற்று சாயங்காலம் வீட்டை ஒட்டிய பட்டறையில் ஒரு பெட்டிக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் கண்ணயர்ந்துவிட்டேன். சற்றுநேரம்தான். கண் விழித்தபோது படுக்கையறையிலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"ஏய், கட்டிலுக்கு அடியில என்னமோ அசையுது. புகை வாடை வேற. குனிஞ்சு பாக்கட்டா?"

"பாக்காதீங்க!"

"ஏண்டி இப்படிக் கத்துற?"

கண்டுபிடித்தால் மறுபடி அவன் முறை. என் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு, மணி அடிக்கும் வரை நிற்பான். கண்டுபிடிக்காவிட்டால் அங்கேயே ஒளிந்திருப்பான். தானாக வெளியே வர மாட்டான். பொய்யாட்டம் அவனுக்குத் தெரியாது.

ஓடிப்போய்ப் படுக்கையறை வாசலில் நின்றபடி கட்டிலைப் பார்த்தேன். போர்வை தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால், அடக்கி அடக்கிப் பார்த்தும் அடங்காமல், ஒரு பிள்ளை சிரித்தது.