சவ்வில் படிந்தது

மூன்றாவது குழாயின் அழுத்தமானியில் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. தூங்குகிறவன் நெஞ்சு மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பம்ப் என்னவோ சீராகத்தான் ஓடியது. பயம் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, வரவில்லை. கணவன் காணாமல் போனதிலிருந்து எதுவுமே வருவதில்லை, அழுகை உட்பட.

சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இந்தக் கூடத்தில்தான் அவன் வேலை பார்த்தான். ஒருநாள் ஷிப்டுக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. தொட்டியை வற்றவைத்துத் தேடினார்கள், செருப்புகூடக் கிடைக்கவில்லை. எவளோடோ ஓடிவிட்டான் என்று ஊர் வாயில் போட்டு மென்றது. அவன் வேலை அவளுக்கு வந்தது. ஓடினானா, செத்தானா? அது மட்டும் தெரிந்தால் அழுது தொலைத்துவிடலாம் என்று இருந்தாள்.

“அடைச்சிருக்கும் அண்ணி,” என்றான் கொழுந்தன். அவன்தான் அங்கே சூப்பர்வைசர். “அந்தக் குழாய்க்குள்ள இருக்கற சவ்வ வெளிய எடுத்துப் பிரிச்சுப் பாருங்க. மத்த குழாய நான் காஸ்டிக் சோடா விட்டுக் கழுவிடறேன்.”

“உங்கண்ணனும் இப்படித்தான் பிரிச்சுப் பாப்பாரா?”

“அண்ணன் பேச்சு இப்ப எதுக்கு? போனவர் போனவர்தான்.”

தண்ணீரை மட்டும் போகவிட்டு அதில் கரைந்திருப்பதைப் பிடித்து வைப்பது சவ்வின் வேலை. பாய் மாதிரி சுருட்டியிருந்ததை மேஜைமேல் மெல்ல விரித்தாள். சாயமும் சோப்பும் எண்ணெயும் சேர்ந்து அழுகிய வழக்கமான நாற்றம், விரலில் ஒட்டும் வழக்கமான கசடு, எங்கோ ஒரு வால்வு சொட்டும் சத்தம். விரிக்க விரிக்கக் கசடு வெளுத்து, பிறகு மாநிறமாகி, வழுவழுப்பு போய், கையில் வெதுவெதுப்பு பட்டது.

துளைகள். துளைக்கு ஒரு மயிர். ஓரத்தில் மச்சம். அவன் தோளில் அவள் எத்தனையோ முறை தொட்ட மச்சம்.

அவன் ஓடவில்லை. எங்கேயும் போகவில்லை.

அழுகை வரவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். மயிர் சிலிர்த்தது. அவளுடையது அல்ல.

பக்கத்து அறையில் கொழுந்தன் காஸ்டிக் பம்பைப் போட்டான். மற்ற குழாய்களுக்குள் இரைச்சல் ஏறியது. அந்தக் குழாய்களிலும் அவனே இருப்பதுபோல, மேஜைமேல் தோல் சிவந்தது. ஒரு கொப்புளம். இன்னொன்று.

நிறுத்தச் சொல்லி வாயைத் திறந்தாள். பம்ப் இரைச்சலில் குரல் அமுங்கிப்போனது.

சவ்வின் ஓரம் எழுந்தது. தானாகவே சுருளத் தொடங்கியது. அவள் விரல்கள் உள்ளே போயின. மணிக்கட்டு. முழங்கை. அவள் கையை இழுக்கவில்லை. சுருள் தோளை எட்டியது.